தொண்ணூறு மைல் வசந்தம்

இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக் கொண்டால் முதலில் சீதோஷ்ணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் வெயில், பத்து மணிக்குத் தூறல், பன்னிரண்டு மணிக்குக் குளிர் காற்று, இரண்டு மணிக்கு மறுபடியும் வெயில் என்று ஒரே நாளில் நாலு பருவத்தையும் காட்டி விடுகிற வானத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றித்தான் பேசுவது?

ஆனால் ஏப்ரல் மாதத்து நடுவில் ஒரு நாள் அந்த வானம் மனம் வைத்து விட்டால், அடடா! அப்பொழுது அந்த நாட்டின் வடமேற்கு மூலையைப் பார்க்க வேண்டும். வாருங்கள், நேயர்களே! அப்படி ஒரு நாளில் உங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று உத்தேசம். சுமார் தொண்ணூறு மைல். காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பி விடலாம். அங்கே அந்த மாதத்தில் பொழுது சாய்வதற்கு இரவு எட்டு மணி ஆகிறது!

"காரில் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் இந்தப் பக்கத்துச் சாலைகளின் இரு புறமும் கல் சுவர். காரில் உட்கார்ந்தால் பல இடங்களில் சுவரைத்தான் பார்த்துக் கொண்டு போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் சற்று உயர்ந்து உட்காருவதால் சுவருக்கு அப்பால் உள்ளதும் தெரியும். அது மட்டுமா? காட்டு ஓரமாகப் போகும்போது, யாரோ ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டது போல ஒரு வாசனை வரும். மர நிழலில் பாய் விரித்தாற்போல் முளைத்திருக்கும் காட்டுப் பூண்டின் வாசனை அது. கார்க் கண்ணாடியை ஏற்றி விட்டவருக்கு அது கிடைக்காது.

பிறந்த வீட்டுக்குப் போகும் பெண்

வண்டி என்ன வண்டி தெரியுமா? நம் ஊர் புல்லட்! ராயல் என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955-ல் சென்னையில் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்த வண்டி தயாராவதே நின்று விட்டது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண்தான் குலப் பெயரைக் காப்பாற்றினாள். இன்று சென்னையை அடுத்த ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் வண்டிகள் கப்பலேறி, பிறந்த வீட்டுச் சாலைகளில் ஓடுகின்றன.

முன் ஸீட்டா, பின் ஸீட்டா என்பது உங்கள் இஷ்டம். 1934-ல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மணிக்கு 106 மைல் வேகத்தில் மோட்டார் சைக்கிளை விரட்டித் தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினீயர். நமக்கு அத்தனை வேகம் வேண்டாம். மணிக்கு முப்பது, நாற்பது மைல் போதும்.

புடவைக்கு இன்று விடுமுறை. கனத்த கோட்டு, கையுறை, கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ் எல்லாம் வேண்டும். ஹெல்மெட் 1973-லிருந்து அங்கே சட்டப்படி கட்டாயம். ஓர் ஆறுதல்: அங்கேயும் நம்மைப் போல இடது பக்கமாகத்தான் போக வேண்டும்.

கல் சுவரும் கறுப்புக் குட்டியும்

நாம் சுற்றப் போகிற இடத்துக்கு லேக் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஏரிப் பிரதேசம் என்று பெயர். லண்டனிலிருந்து சுமார் 270 மைல். இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி, மிக ஆழமான ஏரி, மிக உயர்ந்த மலை மூன்றும் இங்கேதான். மிக உயர்ந்த மலை என்றதும் பயந்து விடாதீர்கள். ஸ்காஃபெல் பைக் என்ற அந்தச் சிகரம் 978 மீட்டர்தான்! இன்னொரு வேடிக்கை. ஏரிப் பிரதேசத்தில் பெயரிலேயே 'லேக்' என்று உள்ள பெரிய ஏரி ஒன்றே ஒன்று, பாஸன்த்வைட். மற்றவை எல்லாம் 'மியர்', 'வாட்டர்' என்றே பெயர் பெற்றிருக்கின்றன. 1951-ல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

விண்டர்மியர் ஊரிலிருந்து கிளம்பி வடக்கே ஏறுகிறோம். கீழே ட்ரவுட்பெக் பள்ளத்தாக்கு பச்சைக் கம்பளமாக விரிகிறது. அதன் தலைமாட்டில் தனியாக ஒரு பண்ணை வீடு. அந்தப் பண்ணையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மாலையில் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மலைச் சரிவெல்லாம் கோடு கிழித்தாற்போல் சுவர்கள் ஓடுகின்றன, பார்த்தீர்களா? சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, களிமண்கூட இல்லை. கல்லின் மேல் கல்லை வெறுமனே பொருத்தி வைத்த சுவர்கள். இரண்டு பக்கமும் இரு வரிசை எழுப்பி, நடுவே பொடிக் கல்லை நிரப்பி, இடையிடையே நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டையும் இணைத்து விடுவார்கள். ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் பாரத்தினால் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டம் போட்டுத் தனித் தனியாகப் பிரித்தபோது எழுந்தவை இவற்றில் பல. நமக்குக் கண்ணுக்கு அழகு. அன்று பொது நிலத்தை இழந்த ஏழைக்கு அது வயிற்றெரிச்சல்.

மேலே போகப் போகச் சுவர்கள் நின்று விடுகின்றன. மலை உச்சியில் வேலியே கிடையாது. ஆனாலும் ஆடுகள் வழி தவறுவதில்லை. ஹெர்ட்விக் என்ற இந்தச் செம்மறி இனத்தில், 'நம் இடம் இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறை வரை' என்று தாய் ஆடு குட்டிக்குப் பழக்கி விடுகிறது. குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்குகிறது. தாய் வீட்டுச் சீதனம் என்றால் இதுவல்லவா! அதனால் பண்ணை கை மாறினாலும் மந்தை மலையோடு இருந்து விடுவதுதான் வழக்கம். 2001-ல் கோமாரி நோய் வந்து இந்த வட்டாரத்தில் மந்தை மந்தையாகக் கொல்ல நேர்ந்தபோது, குடியானவர்கள் கலங்கியது ஆட்டின் விலைக்காக மட்டும் அல்ல. மலையைத் தெரிந்த ஆட்டை எந்தச் சந்தையில் வாங்குவது?

இது குட்டி போடும் காலம். ஹெர்ட்விக் குட்டி பிறக்கும்போது கரிக்கட்டை போலக் கறுப்பு; வயது ஆக ஆக உடம்பு சாம்பல் நிறமாகி, முகம் வெளுத்து விடும். சாலை நடுவே நின்று பால் குடிக்கிற குட்டிக்கு ஹாரன் சத்தம் உறைக்காது. நாம்தான் நிற்க வேண்டும். சாலைக்குக் குறுக்கே குழி வெட்டி அதன் மேல் இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருப்பார்கள். ஆடு தாண்டாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. மழையில் அது வழுக்கும். பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்து விட வேண்டும்.

தங்கையின் நோட்டுப் புத்தகம்

கிர்க்ஸ்டன் கணவாய், உயரம் 1,489 அடி. ஆம்பிள்ஸைடிலிருந்து வந்து இங்கே சேருகிற செங்குத்தான குறுக்குச் சாலைக்கு 'திண்டாட்டம்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்! உச்சியில் காற்று கன்னத்தில் அறைகிறது. இறங்கினால் இதமாகி விடுகிறது. சற்று நேரத்தில் அல்ஸ்வாட்டர் ஏரி வலது பக்கம் கூடவே வருகிறது.

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மரங்களுக்கு அடியில், தண்ணீர் ஓரமாக, மஞ்சள் மஞ்சளாகத் தலையாட்டுகிறதே, அதுதான் டாஃபடில். தோட்டத்துப் பூவை விடச் சிறிது. இதழ் வெளிர் மஞ்சள், நடுக் குழல் அழுத்தமான மஞ்சள். நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டு, இந்தக் கரைப் பூக்களைப் பற்றியதுதான்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத கதை ஒன்று உண்டு. 1802-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, பலத்த காற்றில் இந்தக் கரையோரம் நடந்து வந்தவர்கள் இரண்டு பேர். வில்லியம் ஒருவர், அவருடைய தங்கை டாரதி மற்றவர். முதலில் சில பூக்கள், பிறகு பல, கடைசியில் கரை நெடுகிலும் பூக்கள் என்று கண்டதை டாரதி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வில்லியம் பாட்டு எழுதியது இரண்டு வருஷம் கழித்து. அச்சில் வந்தது 1807-ல். பாட்டிலோ கவிஞர் தனியாகத்தான் திரிகிறார்! பக்கத்தில் நடந்த தங்கையைக் காணோம். போதாததற்கு, அந்தப் பாட்டின் மிகச் சிறந்த இரண்டு அடிகள் தம் மனைவி மேரி சொன்னவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக் கொண்டிருக்கிறார். கவிஞரின் புகழில் தங்கைக்கும் பங்கு, மனைவிக்கும் பங்கு!

டாரதி அம்மாள் ஓர் எழுத்தாளராகப் பேர் வாங்க ஆசைப்பட்டதே இல்லை. ரொட்டி சுட்டது, துணிக்கு இஸ்திரி போட்டது, அண்ணன் கவிதையைப் பிரதி எடுத்தது, நிலா எப்படி இருந்தது எல்லாம் அந்த நோட்டில் அடுத்தடுத்து வரும். அவர் 1855-ல் காலமாகும் வரை அது தனிப் புத்தகமாக வெளிவரவில்லை.

சில்லறை சேர்ந்து வாங்கிய கரை

நாம் நிற்கிறோமே, இதை ஒட்டிய கௌபரோ நிலம், 1906-ல் பொது மக்கள் பணம் போட்டு வாங்கியது. அதற்கு முந்திய கதை கெஸ்விக்கில் இருக்கிறது. வண்டியைக் கிளப்புங்கள்.

கெஸ்விக் ஊரைத் தாண்டி டெர்வென்ட்வாட்டர் ஏரியின் கிழக்குக் கரையோடு தெற்கே போகிறோம். எதிர்க் கரையில் காடு அடர்ந்து தெரிகிறதல்லவா? அது பிராண்டல்ஹோ. 1902-ல் அது விலைக்கு வந்தது. பங்களா கட்டுகிறவர்கள் கையில் போயிருந்தால், கரையெல்லாம் 'உள்ளே வராதே' என்ற பலகைதான். அதைத் தடுத்தது நாஷனல் டிரஸ்ட் என்ற சங்கம். அழகான நிலத்தையும் பழைய கட்டடங்களையும் எல்லோருக்குமாக வாங்கிக் காப்பாற்ற 1895-ல் மூன்று பேர் ஏற்படுத்தியது. ஒருவர் வக்கீல் ராபர்ட் ஹண்டர். ஒருவர் இந்தப் பக்கத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி. மூன்றாமவர் ஆக்டேவியா ஹில் அம்மாள். இந்த அம்மாள் லண்டன் ஏழைகளுக்கு நல்ல குடியிருப்பு கிடைக்க வாழ்நாளெல்லாம் உழைத்தவர். ஓர் அறையில் ஒரு குடும்பம் அடைந்து கிடக்கிறது. அவர்களுக்குக் கூரை மட்டும் போதாது, கண்ணுக்குப் பச்சையும் காலுக்குத் திறந்த வெளியும் வேண்டும் என்பது அவர் கட்சி.

பிராண்டல்ஹோவுக்கு 6,500 பவுன் வேண்டியிருந்தது. பணக்காரர்களும் கொடுத்தார்கள், தொழிலாளிகளும் ஷில்லிங் கணக்கில் அனுப்பினார்கள். சில மாதங்களில் தொகை சேர்ந்து விட்டது. ஏரிப் பிரதேசத்தில் டிரஸ்ட் வாங்கிய முதல் நிலம் அதுதான்.

மேலே பாரோடேல் பள்ளத்தாக்கு. பக்கத்தில் சீத்வைட் என்ற குக்கிராமம். வருஷத்துக்கு 3,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடம். இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் இதற்குத்தான் மழையில் முதல் பரிசு. அதனால்தான் பாறையெல்லாம் பாசி, மரமெல்லாம் பசுமை. பிறகு ஹானிஸ்டர் கணவாய். நாலடி போனால் ஓரடி ஏறுகிற ஏற்றம்! இறங்கும்போது கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட வேண்டும். கீழே பட்டர்மியர். காற்று ஓய்ந்த சமயத்தில் மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். நியூலண்ட்ஸ் கணவாய் வழியாக மறுபடியும் கெஸ்விக்.

அங்கிருந்து தெற்கே போகிற சாலையில் தர்ல்மியர் ஏரி. இது தோல்வியின் கதை. மான்செஸ்டர் நகரத்துக்குக் குடி தண்ணீர் வேண்டும் என்று அணை கட்டி, ஏரியின் மட்டத்தை உயர்த்தினார்கள். கரையிலிருந்த வீடுகள் மூழ்கின. ஆக்டேவியா அம்மாள் உள்படப் பலர் எதிர்த்துப் போராடியும் பலன் இல்லை. 1894-ல் தண்ணீர் மான்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலைத் தொழிலாளியின் தாகமும் நியாயம்தானே? ஆனால் தோற்றவர்கள் ஒரு பாடம் கற்றுக் கொண்டார்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் மட்டும் ஒரு மலையைக் காப்பாற்ற முடியாது. பத்திரம் நம் கையில் இருக்க வேண்டும்! மறு வருஷமே நாஷனல் டிரஸ்ட் பிறந்தது.

இஞ்சி வாசனை

கிராஸ்மியர் வந்ததும் மூக்கே வழி காட்டும். தேவாலயத்து வாசலில் ஒரு சின்னஞ் சிறு கடை. ஒரு காலத்தில் அது பள்ளிக்கூடம். 1854-ல் ஸாரா நெல்ஸன் என்ற அம்மாள் கைப்பக்குவத்தில் பிறந்த இஞ்சி ரொட்டியை இன்றும் அங்கே விற்கிறார்கள். பெயர்தான் ரொட்டி, பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் நடுவான ஒரு பண்டம். செய்முறை பரம ரகசியம். ஒரு பொட்டலம் வாங்கிக் கொள்ளுங்கள்.

டாரதியும் வில்லியமும் 1799 முதல் 1808 வரை வசித்த டவ் காட்டேஜ் இங்கேதான். டாரதியின் நாட்குறிப்பு இன்று பக்கத்திலுள்ள மியூசியத்தின் பொக்கிஷம்.

முயல் கொடுத்த பணம்

ஆம்பிள்ஸைடு, கானிஸ்டன், ஹாக்ஸ்ஹெட் என்று ஊர்களைக் கடந்து நியர் ஸாரி என்ற கிராமத்துக்கு வருகிறோம். வெயில் சாய்ந்து, சுவர்களின் நிழல் நீண்டு விட்டது. அதோ அந்தப் பழைய வீடு, ஹில் டாப். பீட்டர் முயல் கதையை உங்கள் குழந்தைகளுக்கு வாசித்திருக்கிறீர்களா? அதை எழுதிப் படமும் போட்ட பீட்ரிக்ஸ் பாட்டர் வாங்கிய வீடு.

1866-ல் லண்டனில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டில் ஆசிரியை. யாருக்கும் புரியாத சங்கேத எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். காளான்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1897-ல் லின்னியன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண் என்பதால் அவர் அங்கே போக முடியவில்லை. பழைய ஆசிரியையின் குழந்தை நோயாகப் படுத்தபோது அதற்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் பீட்டர் முயல். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பவே, 1901-ல் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த வருஷம் வார்ன் கம்பெனி எடுத்துக் கொண்டது. முயல் ஓடியது, பணம் வந்தது.

1905-ல் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த நார்மன் வார்னுடன் நிச்சயதார்த்தம். 'வியாபாரக் குடும்பமா?' என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். ஒரு மாதத்தில் நார்மன் நோயில் மாண்டு போனார். முப்பத்தொன்பது வயது, கையில் முயல் சம்பாதித்த பணம், மனத்தில் ஆறாத புண். அந்த வருஷமே இந்தப் பண்ணையை வாங்கினார். அழுது கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆடு வளர்க்கக் கற்றார். நிலத்தின் மேல் நிலமாக வாங்கினார். பத்திர வேலைகளைக் கவனித்த உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸை 1913-ல் தம் நாற்பத்தேழாம் வயதில் மணந்தார்.

காலையில் ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்ன பண்ணை? ட்ரவுட்பெக் பார்க். 1923-ல் அதையும் இவர் வாங்கினார். ஹெர்ட்விக் கம்பளியில் தைத்த பாவாடையும் மரக் காலணியுமாக, மழைக்கு ஒரு கோணியைத் தோளில் போட்டுக் கொண்டு ஆட்டுக்குட்டி தேடப் போவாராம். வழியில் ஒரு நாடோடி இவரையும் தன் இனம் என்று நினைத்து அனுதாபப்பட்டதாகச் சொல்வார்கள்!

1943-ல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு ஒரு பெண் வருவது அதுதான் முதல் தடவை. பதவி ஏற்குமுன் அந்த டிசம்பர் 22-ஆம் தேதி காலமாகி விட்டார். உயில் என்ன சொல்லிற்று? 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும், ஒரு டஜனுக்கு மேற்பட்ட பண்ணைகளும் நாஷனல் டிரஸ்டுக்கு. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே மேய வேண்டும் என்றும் ஏற்பாடு. பதினாறு வயதில், கோடை வாசத்துக்கு வந்த இடத்தில், பாதிரியார் ரான்ஸ்லியிடம் கேட்ட பேச்சு அறுபது வருஷம் கழித்துப் பத்திரமாயிற்று!

எல்லாம் சுபம் என்று சொல்லி விட முடியாது. வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிப் போட்டு விடுவதால், விலை ஏறி, உள்ளூர் இளைஞர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. ஆடு மேய்க்க ஆள் இல்லாவிட்டால் சுவர் சரியும். மந்தை மலையை மறக்கும். நாள் முழுதும் நாம் 'இயற்கை, இயற்கை' என்று வியந்து வந்ததில் பாதி, மனிதர் கை ஓயாமல் செய்து வருகிற வேலை. டாரதி நோட்டில் குறித்தார். ஆக்டேவியா சில்லறை சேர்த்தார். பீட்ரிக்ஸ் சம்பாத்தியத்தைக் கொட்டினார். வீட்டுக் கணக்கு நோட்டையும் அஞ்சறைப் பெட்டிச் சேமிப்பையும் இனி யாரும் அற்பமாகப் பேசினால் இந்த மலைகளைக் காட்டுங்கள்.

விண்டர்மியரைக் கடக்கப் படகு தயாராக இருக்கிறது. ஏரிக்குக் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பற்றிக் கொண்டு போகிற படகு. கார்களோடு நம் புல்லட்டும் ஏறிக் கொள்கிறது. சில நிமிஷங்களில் அக்கரை. இஞ்சி ரொட்டியைப் பிரியுங்கள். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பீட்ரிக்ஸ் அம்மாளுக்கு இங்கே சமாதி கிடையாது. அவர் விருப்பப்படி, அவருடைய ஆட்டிடையர் டாம் ஸ்டோரி அஸ்தியை அந்தக் குன்றுப் பக்கம் தூவி விட்டு வந்தார். இடம் எது என்று ஊராரிடம் சொல்லவில்லை. அங்கே இப்போது கறுப்புக் குட்டிகள் மேய்ந்து கொண்டிருக்கும்.